உன் தலைமேல் இருந்த கை

உன் தலைமேல் இருக்கிற ஒரு கையை அழித்துத் தரச் சொல்லிவிட்டு, சின்னமனூரில் ஒரு பேனர் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக அச்சடித்த பிளக்ஸ் வாடை கடை முழுக்க நிற்கிறது. ரப்பரும் மண்ணெண்ணெயும் சேர்ந்து சூடேறினது போன்ற வாடை, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவர் உன் முகத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். உனக்கு அதில் பதினாலு வயது. ரெட்டைச் சடை, கூப்பிய கை, இரண்டு கன்னத்திலும் கண்ணீர். உச்சந்தலையில் மோதிரம் போட்ட ஒரு ஆம்பளைக் கை.

"கைய எடுத்தா அந்த எடம் மொட்டையாத் தெரியும் டீச்சர். பக்கத்து முடிய எடுத்து வச்சு ஒப்பேத்தணும். நேரமாகும்" என்றார்.

"ஆகட்டும். நகங்கூட மிச்சம் இருக்கக் கூடாது."

"யாரு, தங்கச்சியா?"

"கூடப் படிச்சவ."

நீ போய் நாலு வருடமாகிறது. இந்தப் படத்தைக் கேட்டவர் உன் அப்பா. அந்தக் கை இல்லாமல் வேண்டும் என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்கும்படி என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். பையில் ஒரு நோட்டு இருக்கிறது. இவர் முடி ஒட்டி முடிப்பதற்குள் எழுதிவிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பழி வாங்கிவிட்டேன். உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் செய்தேன். அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

மேகமலையில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வீடுதான். எஸ்டேட் கட்டிக்கொடுத்த லயன் வீடுகள். உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தார்கள். என் அப்பா நான் மூன்றாவது படிக்கும்போதே போய்விட்டார். உன் அப்பா கவாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்துகிற வேலை. சாயங்காலம் வந்ததும் கத்தியைக் கழுவிச் சாய்த்துவிட்டு உன்னைத்தான் கூப்பிடுவார். என்னையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நம் லயனுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அப்போதுதான் அந்த அறக்கட்டளையின் ஜீப் மலைக்கு வந்தது. ஏலக்காய் வியாபாரத்தில் பெரிய ஆளான ஒருவர் நடத்தினார். எல்லாரும் அவரை ஐயா என்றே சொன்னார்கள். பழனிசெட்டிபட்டியில் அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் விடுதி இருந்தது. சோறு, துணி, புத்தகம் எல்லாம் இலவசம், தேனியில் பள்ளிக்கூடம். உன்னையும் என்னையும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஜீப் வரவில்லையென்றால் நான் இன்றைக்கும் கொழுந்துதான் பறித்துக்கொண்டிருப்பேன். அதை மறைத்து எழுதினால் இந்த மடலும் அவர்கள் சொன்ன பொய் மாதிரி ஆகிவிடும்.

விடுதியில் உன்னைக் கண்டால் எல்லோருக்கும் பயம். கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு வரி தப்பாகப் போட்டால் நாங்கள் கையைத் தூக்குவோம். நீ நேரே எழுந்து போய் அந்த வரியை அழித்துவிட்டு வந்து உட்காருவாய். திட்டு வாங்குவாய். மறுநாளும் அதையே செய்வாய்.

ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழா வந்தது. மதுரையிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் நன்கொடை கொடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். மேடையில் நிறுத்துவதற்கு ஒரு பெண் வேண்டும் என்று மேனேஜர் நம்மை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். அப்பா இல்லாதவள் நான்தான். அவர் என் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இதுக்கு ஒரு கண்ணு சரியில்ல. போட்டோவுல எடுபடாது" என்று வார்டனிடம் சொல்லிவிட்டு உன்னைத் தொட்டார். உன்னிடம் சொன்னது, "ஐயா கையால பரிசு வாங்கணும், கும்பிடணும், அம்புட்டுத்தான்" என்று மட்டும். பரிசு என்றதும் நீ அப்பாவுக்குக் கடிதம் போட்டாய். எனக்கு அன்று உன்மேல் பொறாமையாக இருந்தது. இதை நீ உயிரோடிருந்தபோது உன்னிடம் சொன்னதில்லை.

உன் அப்பா முதல் நாளே மலையிலிருந்து கிளம்பி வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் ஒரு பை நிறையக் கொய்யா. மேடையிலிருந்து அவரைப் பார்த்து நீ சிரித்தாய். அதற்குள் மைக்கில் பேசினவர் சொன்னார்: "இந்தச் சிறுமிக்குத் தந்தை இல்லை. மலையில் மரம் சாய்ந்து மாண்டுபோனார். இன்று முதல் நம் ஐயாதான் இவளுக்குத் தந்தை."

ஐயா உன் தலைமேல் கையை வைத்தார். கேமரா வெளிச்சம் அடித்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

அந்தக் கண்ணீரை நன்றிக் கண்ணீர் என்றுதான் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார்கள். நான் உனக்குப் பக்கத்தில் சால்வைத் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். நீ எதைப் பார்த்து அழுதாய் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சுற்றி எல்லோரும் கைதட்டுகிறார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மனிதரும் இரண்டு தட்டுத் தட்டினார். தான் செத்ததற்குத் தானே கைதட்டினார். அதைப் பார்த்துத்தான் நீ அழுதாய்.

சாப்பிடாமலே போய்விட்டார். கொய்யாப் பை வாட்ச்மேனிடம் இருந்தது.

கோடை விடுமுறைக்குப் போனபோது அவர் உன்னிடம் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். "நான் செத்தவனா இருந்தாத்தான் ஒனக்குப் படிப்புன்னா, அப்பிடியே இருந்துட்டுப் போறேன். நீ வாயத் தொறக்காத." அதற்குப் பிறகு, பெற்றோர் பார்க்க வரும் மாதக் கடைசி ஞாயிறுகளில் அவர் விடுதிக்கு வரவேயில்லை. செத்தவர் எப்படி வாசலில் வந்து நிற்க முடியும்? உனக்குக் கொடுத்தனுப்பியதை என் அம்மாதான் கொண்டுவருவாள். நீ அந்தப் பையை வாங்கி, பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் வைப்பாய்.

அடுத்த வருடம் நன்றியுரை சொல்ல உன்னையே போட்டார்கள். மேனேஜர் எழுதிக் கொடுத்ததை நீ ஒரு வாரம் மனப்பாடம் செய்தாய். மேடையேறி, காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு பேசினாய். "எங்கப்பா பேரு கருப்பையா. மேகமலையில கவாத்து வெட்டுறாரு. உசிரோட இருக்காரு. போன வருசம் இந்த மண்டபத்துக்கு வந்திருந்தாரு. எனக்குப் படிப்பு வேணும். அதுக்காக எங்கப்பா சாக வேணாம்." பாதியிலேயே மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமலே உன் குரல் கடைசி வரிசைவரை போனது.

மறுநாள் காலை அலுவலக அறையில் ஐயா, மேனேஜர், வார்டன் மூன்று பேரும் இருந்தார்கள். நீ சுவரோரம் நின்றாய். என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீ இவ லயன்தான. இவளுக்கு அப்பன் இருக்கானா?" என்று மேனேஜர் கேட்டார்.

எனக்கும் பதினைந்து வயது. பொதுத் தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. ஐயாவின் மேசையில் இரண்டு பேருடைய கோப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கீழே இருந்தது என்னுடையது.

"இல்லைங்க ஐயா" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதில் கோபம்கூட இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். நேரே வந்து அழிக்கத்தான் உனக்கு அன்று வழியில்லை.

பொய் சொல்லி அறக்கட்டளையின் பெயரைக் கெடுத்தாள் என்று எழுதி அன்று மத்தியானமே உன்னை அனுப்பினார்கள். பதிவேட்டில் உன் பெயர்மேல், படிக்க முடியாதபடி, சிவப்பு மையால் கோடு போட்டார்கள். உன் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து நான் இன்னும் இரண்டு வருடம் சாப்பிட்டேன். அவர்கள் செலவில் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியை ஆனேன். "எங்கள் விடுதி மாணவி" என்று என்னையும் அச்சடித்துக்கொண்டார்கள். அதற்குள் கண்ணைச் சரிசெய்திருந்தேன், போட்டோவில் எடுபட்டேன்.

நீ ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனாய். கல்யாணமாகிக் கம்பம் வந்து திராட்சைத் தோட்டத்தில் கூலி. இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் தனித்தேர்வு எழுதிப் பத்தாவது தேறினாய். உங்கள் தெருவில் பென்சனுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுத எல்லாப் பெண்களும் உன் வீட்டுக்குத்தான் வருவார்களாம். "அவகிட்டப் போனா கஷ்டத்தச் சொல்லு, அழுன்னு கேக்க மாட்டா. பேரு என்ன, வயசு என்ன, அம்புட்டுத்தான்" என்று உன் துக்க வீட்டில் ஒரு அம்மா சொன்னாள்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை சந்தித்தோம். கையில் தூக்குவாளியோடு நின்றாய். "டீச்சராயிட்டயாமே புள்ள, நல்லாரு" என்றாய். நான் அந்த அலுவலக அறையைப் பற்றி ஆரம்பித்தேன். நீ குறுக்கே பேசினாய். "விடு. ஒன் எடத்துல நானா இருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன்." சொல்லியிருக்க மாட்டாய். அது உனக்கும் தெரியும். என்னை வழியனுப்புவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னாய். பஸ் வந்தது, ஏறிவிட்டாய். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போய், எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இனி போன மாதத்துக் கதை.

குச்சனூருக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் இப்போது நான் தலைமை ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு அறை கிடையாது. தாழ்வாரத்தில் உட்காருவார்கள், மழை அடித்தால் புத்தகத்தை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அந்த அறக்கட்டளை இரண்டு வகுப்பறை கட்டித்தர முன்வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கட்டடமும் நன்றாகத்தான் எழுந்தது. ஐயாவுக்கு வயதாகி, இப்போது எல்லாம் மகன் கையில்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் மகன் என் அறைக்கு வந்தார். நாலு பிள்ளைகள் மேடையில் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் உருக்கமாக இருந்தால் நல்லது என்றார். பிறகு ஒரு பேனரைப் பிரித்து மேசையில் விரித்தார். என் பேனா, மணி, வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நீ வந்து படுத்தாய். மேலே கொட்டை எழுத்தில்: "தந்தையை இழந்த தளிருக்குத் தாயான அறம்!"

"இந்தப் படம் எதுக்குங்க?" என்றேன்.

"இந்தப் பொண்ணு எங்க லோகோ மாதிரி டீச்சர். இத மாத்துனா டோனர்ஸ் கேப்பாக" என்றார்.

அன்று சாயங்காலமே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினேன். பெற்றோர்கள்தான் அதில் பெரும்பாலும். தலைவி ஈஸ்வரி, வாழைத் தோட்டத்தில் தார் சுமக்கிறவள், மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கட்டடமும் வேண்டாம், விழாவும் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

ஈஸ்வரி என்னை நேராகப் பார்த்தாள். "எம்மக நனைஞ்சுக்கிட்டுப் படிக்கிறா டீச்சர். ஒங்களுக்கு என்ன கோவமோ, அது ஒங்களோட. கட்டுன கட்டடத்த வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. உன் கதையைச் சொன்னேன். நான் அந்த அறையில் சொன்னதை மட்டும் அன்றும் விழுங்கிவிட்டேன். ஒருவர், "குடுக்கிறவுக நாலு கேக்கத்தான செய்வாக" என்றார்.

"கேக்கட்டும்" என்றாள் ஈஸ்வரி. "கட்டடம் வேணும். எம்மக கதை அவுகளுக்கு எதுக்கு? ரெண்டையும் தாளுல எழுதுவோம். ஒரு பிள்ளையும் மேடையில ஏறாது. ஒரு பிள்ளை படமும் எடுக்கக் கூடாது. சரின்னா வரட்டும்."

அதையே தீர்மானமாக எழுதினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மகன் வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "ஆனா இந்த பேனர் இருக்கும் டீச்சர். இது ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையே" என்றார். தாளில் அதற்கு இடமில்லை. சட்டப்படி அவர் சொன்னது சரி.

அப்போதுதான் என் திட்டத்தைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். உன் அப்பா உன் தம்பி வீட்டில் இருக்கிறார். முதுகு வளைந்துவிட்டது, கண் மட்டும் அப்படியே. அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை, தெரியுமா? என் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழுகுதே புள்ள" என்றார்.

விழாவுக்கு வாருங்கள், மேடையில் ஏற்றுகிறேன், அவர்கள் முகத்துக்கு நேரே உங்களை நிறுத்துகிறேன் என்றேன். என் வார்த்தைகள் எனக்கே இனித்தன. அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னய மேடையில நிறுத்தி, எல்லாரும் பாக்க வைக்கப் போற. அப்பிடித்தான தாயி?"

"ஆமா பெரியப்பா."

"அவுகளும் எம்மகள அதத்தான செஞ்சாக."

டீ கொடுத்தார், குடித்தேன். பஸ் ஏறும்வரை கூட வந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஆனாலும் என் ஆங்காரம் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

விழா அன்று பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நன்கொடையாளர்கள், நடுவில் சக்கர நாற்காலியில் ஐயா. மேடைக்கு இடப்பக்கம் இரண்டு சவுக்குக் கம்புகளில் நீ கட்டப்பட்டிருந்தாய். மகன் மைக்கைப் பிடித்தார். "மலையில் மரம் சாய்ந்து தந்தையைப் பறிகொடுத்த இந்தச் சிறுமிதான் எங்களுக்கு முதல் வெளிச்சம்" என்று ஆரம்பித்தார். முப்பது வருடத்தில் அந்த மரத்தைக்கூட மாற்றவில்லை.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை. எப்போது வந்து உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. நடுவழியே மெதுவாக நடந்து வந்தார். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அந்தக் கம்புக்குப் போய், கீழ் முடிச்சைப் பிடித்து அவிழ்க்க ஆரம்பித்தார். நைலான் கயிறு, முடிச்சு இறுகியிருந்தது. அறக்கட்டளைத் தொண்டர்கள் இரண்டு பேர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார்கள்.

"பெரியவரே, என்ன செய்றீக? யாரு நீங்க?" என்று மகன் மைக்கிலேயே கேட்டார்.

உன் அப்பா முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "செத்துப்போனதாச் சொன்னீகளே, அது நாந்தான். இது எம்மக. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. மகன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "டீச்சர், இவரு மனநிலை... நீங்க கொஞ்சம் சொல்லுங்க. நீங்க எங்க ஸ்டூடண்ட்தான" என்று மைக்கை என்னிடம் நீட்டினார். அவராகவே நீட்டினார். நான் கேட்கவில்லை.

"இவரு பேரு கருப்பையா" என்றேன். "படத்துல இருக்கிறவ எங்கூடப் படிச்சவ. எங்கப்பா உசிரோட இருக்காருன்னு சொன்னதுக்காக அவள விடுதிய விட்டு வெளியேத்துனாக. அன்னைக்கு என்னையக் கூப்பிட்டு, இவளுக்கு அப்பா இருக்காரான்னு கேட்டாக. இல்லைன்னு சொன்னேன். பொய் சொன்னேன். அந்தப் பொய்க்குத்தான் என்னையப் படிக்க வச்சாக. அதுக்கு நானே சாட்சி."

என் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது, பத்தாவது, எல்லோரும். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஐயாவைத்தான் பார்த்தேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி, வருடா வருடம் கொடுக்கிறவளாம், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை வருடம் நான் காத்திருந்தது அந்தச் சத்தத்துக்குத்தான் என்று தோன்றியது. நான் கண் எடுக்கவில்லை. அவர் தலை குனியும்வரை பார்த்தேன், குனிந்தபிறகும் பார்த்தேன்.

ஈஸ்வரி மேடைக்குக் கீழே போய் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தோளைப் பிடித்திருந்தவர்களைப் பார்த்து, "கைய எடுங்க" என்றாள். எடுத்தார்கள். மறுபக்க முடிச்சை அவளே அவிழ்த்தாள். இருவருமாக உன்னைச் சுருட்டினார்கள். விழா அதோடு முடிந்தது. ரிப்பன் வெட்டவில்லை. மறுநாள் காலை ஒன்பதாம் வகுப்பு தானாகவே புது அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஐயாவைக் காருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். "அப்பன் இருக்க பிள்ளைன்னா அன்னைக்கு எவனும் குடுக்க மாட்டான் தாயி. நூறு பிள்ளைக்குச் சோறு போடணும். நான் என்ன செய்ய? ஒன்னயப் படிக்க வச்சது யாரு?" என்றார்.

"நீங்கதாங்க ஐயா. அதனாலதான் எனக்கு மைக்ல பேசத் தெரியுது" என்றேன்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்கிறவர் கண்ணீரைப் பார்த்தால்தான் கொடுக்கிறவர் கை நீளுகிறது. ஆனால் நூறு பிள்ளைகளின் சோற்றுக்கு ஒரு மனிதரைக் கொல்லலாம் என்று அவருக்கு யார் சொன்னது? எழுந்துவந்து சொன்ன பிள்ளையைத் தேர்வு எழுதவிடாமல் துரத்தியது எந்தச் சோற்றுக்காக? கிழவராகிவிட்டார், பாவம் என்கிறார்கள். உன் அப்பாவும் கிழவர்தான்.

சுருட்டிய பேனரோடு என் அறையில் உட்கார்ந்து உன் அப்பா தண்ணீர் குடித்தார். அப்போதுதான் கை இல்லாத படத்தைக் கேட்டார். பிறகு, "நீ அன்னைக்குச் சொன்னது எனக்குத் தெரியும் தாயி. எம்மக வந்து சொன்னுச்சு. ஒங்கிட்டக் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு" என்றார். இவ்வளவு வருடம் அவர் எனக்கு டீ கொடுத்திருக்கிறார், பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். நான் அவர் காலில் விழவில்லை. விழுந்தால் அவர் தூக்கிவிடுவார், எனக்குப் பாரம் இறங்கிவிடும். அது எனக்கு வேண்டாம்.

பின்னால் நடந்தவை: என்னிடம் விளக்கம் கேட்டுக் கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. நாலு வரியில் பதில் எழுதினேன். ஈஸ்வரி இரண்டு வேன் நிறையப் பெற்றோர்களைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போய், டீச்சரை மாற்றினால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று மனு கொடுத்துவிட்டு வந்தாள். "என் மகள் படத்தை எங்கும் பயன்படுத்தக் கூடாது" என்று மட்டும் எழுதி உன் அப்பா கையெழுத்திட்ட கடிதமும் அறக்கட்டளைக்குப் போயிருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்துச் சட்டத்தைக் கழற்றிவிட்டார்களாம். என்னை நன்றிகெட்டவள் என்று பஜாரில் பேசுகிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "நீங்க எதுக்கு டீச்சர் பொய் சொன்னீங்க?" என்று கேட்டது. பயந்துபோய்ச் சொன்னேன் என்றேன். அது தலையாட்டிவிட்டு உட்கார்ந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கடினமாக இருந்தது.

போன வாரம் மகன் மறுபடி வந்தார். இந்தமுறை தனியாக, செருப்பை வாசலில் விட்டுவிட்டு. நடந்ததை மறந்துவிடலாம், அந்தப் பெண்ணின் பெயரிலேயே வருடா வருடம் ஒரு உதவித்தொகை வைக்கிறோம், நாங்கள் செய்த தப்புக்குப் பரிகாரமாக இருக்கட்டும் என்றார். நன்றாகத்தான் பேசினார். மனது வைத்துத்தான் பேசினார் என்றுகூடச் சொல்லலாம். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன டீச்சர்? எங்க ரெக்கார்டுல இல்ல."

முப்பது வருடம் உன் முகத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். ஊர் ஊராக, நாடு நாடாக. உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

சொல்ல முடியாது என்றேன். பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமானால் குழுவிடம் கேளுங்கள், பெயரில்லாமல் கொடுங்கள், ஈஸ்வரி தேர்ந்தெடுப்பாள் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துபோனார். இன்னும் வரவில்லை.

நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். "பேருதான புள்ள, எழுதிக்கிறட்டும்" என்று சிரித்திருப்பாய். உனக்கு மன்னிக்க வந்தது. எனக்கு வரவில்லை, வர வேண்டும் என்றும் இல்லை. அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்டது உன் பெயர் ஒன்றுதான். அதை நான் வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். இந்த மடலிலும் அதை எழுதவில்லை.